ஒரு பிள்ளை குறைந்தால்

எனக்குச் சும்மா உட்கார வராது. மனசு சரியில்லை என்றால் வாளியில் தண்ணீர் பிடித்து வீடு துடைக்க ஆரம்பித்துவிடுவேன். கோபம் வந்தாலும் துடைப்பேன், கவலை வந்தாலும் துடைப்பேன். அந்த வருடம் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே பளபளவென்று இருந்தது எங்கள் வீட்டுத் தரைதான். என் வீட்டுக்காரர் அதில் வழுக்கி விழப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தார்.

எல்லாம் என் மகளால். ஒன்பது வயசு, தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். வாசிக்கத் தெரியாது. அது எனக்குத் தெரிய வந்ததும் என் தொண்டை கட்டிப்போன புண்ணியத்தில்தான்.

நான் ஈப்போவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பேக்கிங்கில் வேலை செய்கிறேன். வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மத்தியான ஓய்வில் எடுத்து, பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்திருக்கும் மகளுக்கு ஒரு குரல் செய்தி போடுவேன். சாப்பிட்டாயா, கதவைச் சாத்தினாயா, பக்கத்து வீட்டு அக்காவைத் தொல்லை பண்ணாதே, இப்படி. எங்கள் குடும்பத்தில் யாருமே எழுதி அனுப்புவதில்லை. நல்ல சேதி, கெட்ட சேதி, கடையில் என்ன வாங்க வேண்டும், எல்லாவற்றையும் போனில் பேசியே அனுப்பிவிடுவோம். அன்றைக்கு எனக்குக் குரலே வரவில்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்று. அதனால் கைவலிக்க ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். மழை வரும்போல இருக்கிறது, கொடியில் கிடக்கும் துணியை எடு, பொரித்த மீன் மூடி வைத்திருக்கிறேன், போட்டுச் சாப்பிடு.

நீல டிக் விழுந்தது. பார்த்துவிட்டாள் என்று நிம்மதியாக வேலைக்குப் போனேன்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் துணியெல்லாம் கொடியில் சொட்டச் சொட்டத் தொங்குகிறது. மீன் மூடியபடி அப்படியே இருக்கிறது. சோற்றில் சோயா கிச்சாப் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறாள். எனக்கு வந்ததே ஆத்திரம். கத்தவும் முடியவில்லை. கிசுகிசு என்றுதான் கேட்டேன்.

"மெசேஜ் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்மா."

"பின்ன?"

"நீங்க ஒன்னுமே பேசலியே."

போனை அவள் கையில் திணித்து, படி என்றேன். அவள் போனை ஒரே ஒரு முறை பார்த்தாள். அப்புறம் என் முகத்தையே பார்த்தாள். "வீட்டப் பூட்டிக்கிட்டு உள்ளயே இருக்கணும்" என்றாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். "ஹோம்வொர்க் செய்யணும்." அதுவும் இல்லை. "அப்பா லேட்டா வருவாரு." எல்லாம் நான் தினமும் சொல்லுகிற வார்த்தைகள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டி, என் புருவம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். போன் பக்கம் அவள் கண் திரும்பவே இல்லை.

இத்தனை நாள் தெரியாமல் எப்படி இருந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். என் அக்கா தங்கைகள் எல்லாரும் கேட்டார்கள். கோவிட் நேரத்தில் அவளுடைய பாலர் பள்ளி முழுக்க என் போனில்தான் நடந்தது. பாதி நாள் படம் நின்றுபோகும், மீதி நாள் சத்தம் வராது. இப்போது சின்ன வகுப்புகளுக்குப் பரீட்சையும் கிடையாது. நிலை இரண்டு, நிலை மூன்று என்று ஒரு தாளில் போட்டுத் தருகிறார்கள்; ஏதோ மேலே ஏறுகிறாள்போல என்று நானும் கையெழுத்துப் போட்டேன். பாடப் புத்தகத்தைப் படி என்றால் கடகடவென்று ஒப்பிப்பாள். பேச்சில் வாயாடி. திருமண வீட்டுக்குப் போனால் கிழவர்களையெல்லாம் சிரிக்க வைத்துவிட்டு வருவாள். இந்தப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது என்று யார் நினைப்பார்கள்?

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும்.

அது என் வீட்டுக்காரர் பிறந்த தோட்டத்துப் பள்ளி. ஈப்போவிலிருந்து முக்கால் மணி நேரம். தோட்டத்தை விற்று, ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை போட்டு, ஆட்கள் எல்லாரும் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து, எங்கள் தாமானில் மலிவு வீடுகளில் குடியேறிவிட்டார்கள். தோட்டத்தில் மிச்சம் இருப்பது ஒரு மாரியம்மன் கோயிலும் இந்தப் பள்ளிக்கூடமும்தான். அங்கே குடியிருக்கும் பிள்ளை என்று ஒருத்தர்கூட இல்லை. பிள்ளை இல்லாவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள். அதனால் தாமானில் இருந்து தினமும் விடியற்காலையில் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறக்கி, மத்தியானம் திரும்பக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்த வேனை ஓட்டுவது என் வீட்டுக்காரர்; மகளை வீட்டில் விட்டுவிட்டு வேறு சவாரிக்கும் போவார். நான் சித்தியவான் ஊர்க்காரி, அந்தத் தோட்டத்துக்கும் எனக்கும் கல்யாணம்தான் சம்பந்தம். ஆனாலும் மகளை அங்கே போட வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. வேன்காரர் பிள்ளையே வேனில் ஏறவில்லை என்றால் எப்படி?

தலைமையாசிரியர் நல்ல மனிதர். என்னை உட்காரச் சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை, நின்றபடியே கரகரத்த குரலில் கேட்டேன்.

"உங்க பிள்ளை மட்டும் இல்லம்மா" என்றார். "பிள்ளைங்க கொஞ்சம்னு ரெண்டு மூணு வகுப்ப ஒன்னா போட்டு வச்சிருக்கோம். டீச்சர் அந்தப் பக்கம் நாலாம் ஆண்டுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கும்போது, இந்தப் பக்கம் மூணாம் ஆண்டு தானாத்தான் படிக்கணும். படிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு அது பரவால்ல. தெரியாத பிள்ளை பக்கத்துல இருக்கறதப் பாத்து எழுதிக்கிட்டே போயிடும்."

"அப்ப என்ன செய்யறது சார்?"

"பெமுலிஹான் வகுப்புன்னு ஒன்னு இருக்கு. குறைநீக்கல் வகுப்பு. எழுத்து, கணக்கு பிடிபடாத பிள்ளைங்கள தனியா கூட்டிட்டுப் போயி அடியில இருந்து சொல்லிக் குடுப்பாங்க. அதுக்குன்னே படிச்ச டீச்சர். அரசாங்கச் சம்பளம். உங்களுக்கு ஒரு காசு செலவில்ல."

"நம்ம பள்ளியில இருக்கா?"

"நாங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். இருக்கற பிள்ளைங்க எண்ணிக்கைக்கு அந்த டீச்சரக் குடுக்க மாட்டேங்கறாங்க." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "உங்க தாமான் பக்கத்துலயே இருக்கே, அந்தப் பெரிய தமிழ்ப் பள்ளி. அங்க இருக்கு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தப் பெரிய பள்ளி எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். தினமும் என் மோட்டார் சைக்கிளில் அதன் வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். பக்கத்தில் இருக்கும் வைத்தியரை விட்டுவிட்டு, பிள்ளையை விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு எழுப்பி, முக்கால் மணி நேரம் வேனில் குலுக்கி, வைத்தியம் இல்லாத இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அன்றைக்கே அந்தப் பெரிய பள்ளிக்கும் போனேன். பெமுலிஹான் அறை மாடிப்படி ஓரத்தில் இருந்தது. சின்ன அறை, தரையில் பாய் விரித்திருந்தார்கள், நாலைந்து பிள்ளைகள் குப்புறப் படுத்துக்கொண்டு மணல் தட்டில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவர்களோடு தரையில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயசு இருக்கும். என்னைவிடச் சின்னவர். நான் விஷயத்தைச் சொன்னதும், பாவம் ஐயோ என்றெல்லாம் சொல்லவில்லை.

"மூணாம் ஆண்டா? இப்ப வந்தா பிடிச்சிரலாம்கா" என்றார். "நாலுக்கு மேல போச்சுன்னா கஷ்டம். பாடம் ரொம்ப தூரம் ஓடிடும். பிள்ளையும் தன்னை மடைச்சின்னு முடிவு பண்ணிடும். அதுக்கப்புறம் நான் எழுத்துச் சொல்லிக் குடுக்க முடியாது, அந்த நெனப்ப உடைக்கறதுலயே நாள் போயிடும்."

அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. மடைச்சி. என் மகள் அப்படி முடிவு பண்ணிவிட்டாளா, இனிமேல்தான் பண்ணப் போகிறாளா? சாப்பிடும்போது அவளையே பார்ப்பேன். பேக்கிங் பெல்ட்டில் பிஸ்கட் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும், எனக்கு வருடம் ஓடுவது மட்டும்தான் தெரியும். ஒரு தரம் கவனிக்காமல் விட்டு, பெட்டிகள் முட்டி மோதிக் கீழே விழுந்து, சூப்பர்வைசர் வந்து "என்னக்கா, உடம்பு சரியில்லியா லா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பள்ளி மாற்ற வேண்டும் என்றதும் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"தோட்டத்துப் பள்ளியில படிச்சு டாக்டர் ஆனவங்க இருக்காங்க."

"இருக்கட்டும்ங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரிஞ்சுது. இவளுக்குத் தெரியல. இவளுக்கு அந்த டீச்சர் வேணும்."

"ட்யூஷன் வைப்போம்."

"ட்யூஷன்ல போட்டா அங்கயும் முகத்தப் பாத்து ஒப்பிச்சிட்டு வருவா. நான் பாத்துட்டேன்ங்க, அவ என்ன செய்யறான்னு."

எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தார். பிறகுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. "எம் பிள்ளைய நானே எறக்கி விட்டுட்டு, நாளைக்கு மத்தவங்க வீட்டு வாசல்ல எந்த முகத்த வச்சுக்கிட்டு ஹார்ன் அடிக்கிறது?"

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவர் சொன்னதும் நியாயம்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆனால் அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, நான் ஷிப்ட் மாறி வீட்டில் இருந்த நாளில், மத்தியானம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார். வரும் வழியில் சிக்னலில் வேன் நின்றபோது, எதிரே இருந்த மளிகைக்கடையின் தமிழ்ப் பலகையைக் காட்டி, அதைப் படி என்று மகளிடம் கேட்டிருக்கிறார். "கண்ணாடியில எம் மூஞ்சியவே பாக்குறா" என்றார். "பலகையப் பாருன்னா என்னையே பாக்குறா. பக்கத்துல அண்ணன் பேத்தி உக்காந்திருந்துச்சு. அது எடுத்துக் குடுத்துச்சு, துணிக்கடைன்னு. துணிக்கடையாம்." சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அன்றைக்கே பள்ளி மாற்றுகிற விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவர் அண்ணனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அண்ணன்தான் தோட்டத்துப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். தாமானில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் 'அண்ணே'தான், எனக்கும் அப்படித்தான். பள்ளியை மூடப் பார்த்த காலத்தில் அந்த ஆபீஸ் இந்த ஆபீஸ் என்று அலைந்து காப்பாற்றியவர் அவர். கூரை ஒழுகினால் ஏணியைத் தூக்கிக்கொண்டு அவரே போவார். வேன் வாங்குவதற்கு ஆள் ஆளாகப் பார்த்து நன்கொடை கேட்டவரும் அவர்தான். பிள்ளை சேர்க்க அவர் ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தார். யார் வீட்டிலாவது பிள்ளை பள்ளிக்குப் போகிற வயசுக்கு வந்துவிட்டால், கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி தாம்பூலத் தட்டோடு போவார்கள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு, அம்மன் கோயில் குங்குமம், அதற்கு மேல் பள்ளிச் சின்னம் தைத்த ஒரு துண்டுத் துணி. தட்டை வாங்கிக்கொண்டால் பிள்ளையை அந்தப் பள்ளிக்குத் தருகிறோம் என்று அர்த்தம். குங்குமம் வைத்த தட்டை யார் வேண்டாம் என்று சொல்லுவார்கள்? யாரும் சொன்னதில்லை. அந்தத் தட்டைக்கொண்டுதான் அண்ணன் பள்ளியை நடத்திக்கொண்டிருந்தார்.

பாரம் போன விஷயம் எப்படியோ பரவிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் கேட்டில் சத்தம். அண்ணன் வேட்டி கட்டிக்கொண்டு, கையில் தட்டோடு, பின்னால் கோயில் கமிட்டியில் இருந்து மூன்று பேர். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தட்டு வந்தது அதுதான் முதல் தடவை. நான் வழக்கம்போல ஈரத் துணியோடு நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டு, பால் விடாத தே ஓ தேநீர் கலக்குகிறேன் என்று சமையலறைக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. எனக்கு அவர்மேல் பத்திக்கொண்டு வந்தது. மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

அண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ தப்பா எதுவும் செய்யலம்மா" என்றார். "பிள்ளை படிக்கணும்னு நெனக்கற. சரிதான். ஆனா எண்ணிக்கை எங்க நிக்குதுன்னு உனக்கே தெரியும். ஒரு பிள்ளைதானேன்னு ஒருத்தர் போனா, அடுத்தவரும் ஒரு பிள்ளைதானேம்பாரு. ஒரு பிள்ளை குறைஞ்சா பள்ளி ஒரு படி எறங்குது."

"எனக்கு இருக்கறதே ஒரு பிள்ளைதாண்ணே."

"அதுக்கு வேற வழி பாப்போம். நானே டீச்சர் வச்சுத் தாரேன்."

"எத்தனை வருசமா அந்த டீச்சரக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க? வந்துட்டாங்களா? எம் பிள்ளை இப்ப மூணாம் ஆண்டு. வருசம் அவளுக்காக நிக்காதுண்ணே."

பின்னால் இருந்த ஒருவர், யார் என்று சொல்ல வேண்டாம், "தோட்டத்துப் பொண்ணா இருந்தா இப்படிப் பேசுமா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லுகிற மாதிரி எனக்குச் சொன்னார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "தோட்டத்துப் பொண்ணு இல்லதான் நான்" என்றேன். "இவ தோட்டத்துப் பொண்ணு. உங்க ரத்தம். இவளுக்குத் தன் பேரத் தவிர ஒன்னும் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தக் காப்பாத்துங்க, வேணாங்கல. யாருக்காகக் காப்பாத்துறீங்கன்னு ஒரு தடவ யோசிங்க. செங்கல்லுக்கா?"

அந்த வார்த்தையை விட்டிருக்க வேண்டாம். அண்ணனின் முகம் சுருங்கிவிட்டது. சமையலறையில் தண்ணீர்க் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து தட்டை என் முன்னால் நீட்டினார். இனிப் பேசுவதற்கு ஒன்றும் இல்லை, வாங்கிக்கொள் இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல், அவ்வளவுதான்.

நான் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தேன். தட்டில் இருந்து குங்குமத்தை மட்டும் எடுத்தேன். என் நெற்றியில் வைத்துக்கொண்டு மகளுக்கும் வைத்தேன். "இது அம்மனோடது, எடுத்துக்கிட்டேண்ணே" என்றேன். "மிச்சத்த நீங்க கொண்டு போங்க." தட்டு அவர் கையிலேயே நின்றது. தே ஓ குடிக்காமல் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகுதான் என் வீட்டுக்காரர் தட்டில் ஆறு கப்போடு வெளியே வந்தார். ஒரு கப்பை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அதற்கப்புறம் தாமானில் நாங்கள் கொஞ்சம் தனித்துப்போய்விட்டோம். சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் வெள்ளிக்கிழமை பூஜைக்கு யாரும் கூப்பிடவில்லை, வேனில் ஏறுகிற பிள்ளைகளின் அம்மாக்கள் என்னைப் பார்த்தால் கைப்பையில் எதையோ தேடுவார்கள். வீட்டுக்காரர் ஹார்ன் அடிப்பதை நிறுத்திவிட்டார். வாசலில் வேனை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் தானாக வரும்வரை காத்திருப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னால்தானே என்று இருக்கும். பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை என்றால் இதெல்லாம் எதற்கு என்றும் இருக்கும்.

மகள் அந்தப் பெரிய பள்ளிக்கு மாறிவிட்டாள், ஆனால் படிப்பு உடனே வந்துவிடவில்லை. நான் வேறு பொறுக்க மாட்டாதவள். ஷிப்ட் மாறுகிற நாளில் எல்லாம் அந்தப் பெமுலிஹான் அறை ஜன்னலில் போய் நின்றுவிடுவேன். மகள் ஒரு எழுத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். நான் உதட்டைக் குவித்தால் அதைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடுவாள். எனக்கும் ஆகா, சொல்லிவிட்டாள் என்று சந்தோஷம். ஒரு நாள் டீச்சர் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நீங்க இங்க நின்னா அவ உங்களத்தான் படிக்கறா. எழுத்தப் படிக்க மாட்டேங்கறா. முகத்தப் படிக்கறதுல உங்க மக கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனந்தான் அவளுக்குச் சத்துரு. நான்கூட இப்ப அவளுக்குப் பின்னால உக்காந்துதான் சொல்லிக் குடுக்கறேன்."

அப்புறம் நான் போகவில்லை. எவ்வளவு கஷ்டம் தெரியுமா? வீட்டிலும் அவள் படிக்க உட்கார்ந்தால் நான் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவ வேண்டும். பின்னால் அவள் திக்கித் திணறுவது கேட்கும். சத்தம் நிற்கும். திரும்பிப் பார்க்கிறாளா என்று கழுத்து நரம்பு இழுக்கும். நான் திரும்பக் கூடாது. கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவுவேன். சில நாள் அவள் அழுவாள். "நீங்க ஏன்மா என்னைப் பாக்கவே மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள் ஒரு நாள். நான் குழாயை வேகமாகத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் நான் அழுதது அவளுக்குக் கேட்டிருக்காது.

மாதங்கள் போயின. டீச்சர் நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. "வருது, வருது" என்பார். எனக்கு அந்த வருது என்கிற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனது.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. போவதா வேண்டாமா என்று எனக்குள் ஒரே போராட்டம். "சாமிகிட்ட நமக்கென்ன சண்டை, போலாம்" என்றார் வீட்டுக்காரர். காலையிலேயே போய்விட்டோம். பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள், ஆனால் பேச்சுக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மகளைக் காணோம். எழுந்து தேடிக்கொண்டு போனேன்.

கோயிலுக்குப் பக்கத்தில்தான் பள்ளிக்கூடம். திருவிழாக் கூட்டம் பார்க்கட்டும் என்று வேலியில் ஒரு புதுப் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரு நாற்காலியில் ஏறி நின்று கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். அவர் பேத்தி கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மகள் பேனருக்கு நேர் எதிரே, எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"மு... த... லாம் ஆ... ண்டு" என்றாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்கக் கால் பரபரத்தது. வேண்டாம், வேண்டாம் என்று என்னையே பிடித்துக்கொண்டேன்.

"மா... ண... வர் சே... ர்... சேர்க்கை." மூச்சு வாங்கினாள். "நம் பிள்ளை... கள். நம் பிள்ளைகள், நம் ப... ள்ளி... பள்ளிக்கே."

யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. பார்க்க அங்கே யார் முகமும் இல்லை, எழுத்துதான் இருந்தது. அண்ணன் கயிற்றைக் கையில் பிடித்தபடி அவள் முடிக்கும்வரை அசையாமல் நின்றார்.

"இன்னொரு வாட்டி படி" என்றார்.

படித்தாள். இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக. முடித்துவிட்டு, "சரியா பெரியப்பா?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். பிறகு குனிந்து தன் பேத்தியைப் பார்த்து, "நீ படி" என்றார். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை. அது பேனரைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து தாத்தாவின் முகத்தைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே, "எல்லாரும் கோயிலுக்கு வாங்க" என்று சொல்லிச் சிரித்தது.

அண்ணன் நாற்காலியை விட்டு இறங்கினார். என்னைப் பார்த்துவிட்டார். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"அங்க இன்னும் எடம் இருக்காம்மா?"

எனக்கு வாயில் எவ்வளவோ வந்தது. அன்றைக்குத் தட்டை நீட்டினீர்களே என்று கேட்க வேண்டும் என்று மாதக்கணக்கில் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன்.

"திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்கண்ணே. டீச்சர்கிட்ட நானே பேசறேன்."

சரி என்றார். பேத்தியைத் தூக்கி என் மகள் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு திரும்பவும் நாற்காலியில் ஏறி, பேனரின் தொங்கிக்கொண்டிருந்த மற்ற மூலையை இழுத்துக் கட்டினார்.